சர்க்கரைச் சேர்மத்தால் நோய் எதிர்ப்பைத் தொட முடியுமா?

2024 ஜூன் 9
மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி:

சார், எங்கப்பாவுக்கு வயது 67. ரொம்ப வருடமாகச் சர்க்கரை நோய். பொள்ளாச்சியில் யாரோ நடத்திய கூட்டத்துக்குப் போய் ஒரு காளான் மாத்திரை டப்பா வாங்கி வந்திருக்கிறார். மூவாயிரத்துக்கு மேல் விலை. ‘பீட்டா குளூக்கான்’ என்று போட்டிருக்கிறது, நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாம். தேடிப் பார்த்தால் அது ஒரு வகைச் சர்க்கரை என்று வருகிறது. சர்க்கரை நோயாளிக்கே சர்க்கரையை மருந்து என்று விற்கிறார்களா? சர்க்கரையால் நோய் எதிர்ப்பை என்ன செய்ய முடியும்? எனக்கு இது சுத்த ஏமாற்று என்றுதான் படுகிறது. நீங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார், சொல்லுங்கள்.

2024 ஜூன் 9, இரவு

முதலில் அப்பாவின் வழக்கமான சுகர் மாத்திரை நிற்கக் கூடாது. காளான் டப்பா வந்த வீட்டில் அதுதான் முதலில் நிற்கும். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பீட்டா குளூக்கான் குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஆனால் அந்தக் கோர்வையை அறுக்கும் நொதி நம் குடலில் இல்லை. அதனால் இரத்தச் சர்க்கரை ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். சோற்றில் இருப்பதும் குளுக்கோஸ் சங்கிலிதான், அங்கே பிணைப்பு வேறு, அதை அறுத்துவிடுகிறோம். ஒரே அலகு, கோத்த விதம் மட்டும் வேறு. உடல் இரண்டையும் முற்றிலும் வேறு பொருள்களாக நடத்துகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இனி நான் எழுதப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

நம் வெள்ளை அணுக்களின் மேல் டெக்டின்-1 என்று ஒரு ஏற்பி உண்டு. அது பீட்டா குளூக்கானைப் பிடிக்கும் என்று 2001-ல் பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். பூஞ்சைகளின் சுவரில் இந்தச் சங்கிலி இருக்கிறது, மனித செல்லில் இல்லை. ஆகவே அது கண்ணில் பட்டால் ‘பூஞ்சை வந்துவிட்டது’ என்று அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஜப்பானில் ஷிடாக்கே காளானிலிருந்து எடுத்த லென்டினானை இரைப்பைப் புற்றுநோய்க்கு கீமோவோடு சேர்த்து ஊசியாகப் போட்டார்கள், 1985-ல் அனுமதி. ஆக, வேதியியல் ஏமாற்று இல்லை. ஆனால் சுத்திகரித்து, மூலக்கூற்றின் எடை அளந்து, புற்றுநோய் மருந்தோடு ஊசியில் ஏற்றியதற்கும் பொள்ளாச்சிக் கூட்டத்தில் டப்பாவில் விற்கும் பொடிக்கும் நடுவே ரொம்ப தூரம் இருக்கிறது. அந்த டப்பாவில் எவ்வளவு குளூக்கான், எந்த நீளச் சங்கிலி என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

2024 ஜூன் 11

நேற்று முழுக்க ‘சக்தியைக் கூட்டுவது’ என்ற சொல்லே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நோய் எதிர்ப்பு என்பது தொட்டியில் தண்ணீர் நிரப்புவது மாதிரி கூட்டிக்கொண்டே போகிற சமாச்சாரம் இல்லை. கூடினால் ஆஸ்துமா, ஒவ்வாமை, மூட்டுவாதம். வேண்டியது, எதைத் தாக்குவது, எதை விட்டுவிடுவது, எதை நினைவில் வைப்பது என்ற தெளிவு. சர்க்கரைச் சேர்மங்கள் அங்கேதான் வேலை செய்கின்றன. ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றிய, சர்க்கரைச் சேர்மத்தால் ஆன தடுப்பூசி உங்கள் ஊர் அங்கன்வாடிக்கே வருகிறது, காசில்லாமல்.

நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி தன் உடம்பைச் சுற்றி ஒரு சர்க்கரைப் போர்வை போட்டிருக்கும். 1923-ல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹைடல்பெர்கரும் ஏவரியும் அந்தப் போர்வை புரதமே இல்லை, கூட்டுச்சர்க்கரை என்று காட்டினார்கள். புரதம்தான் எதிர்ப்பைத் தூண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. போர்வைச் சர்க்கரையின் அமைப்பு மாறினால் கிருமியின் வகை மாறுகிறது, இன்றைக்கு நூறுக்கு மேல் வகை தெரியும். ஒரு வகைக்கு எதிரான ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) பெரும்பாலும் இன்னொரு வகையைத் தொடாது.

அந்தச் சர்க்கரையை மட்டும் சுத்தமாகப் பிரித்து ஊசியாகப் போட்டால் பெரியவர்களுக்குப் பலன் உண்டு, 23 வகைகள் சேர்ந்த ஊசி 1983 முதல் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அது அநேகமாக வேலை செய்யாது. நிமோனியாவில் சாகும் குழந்தைகளில் அதிகம் பேர் அந்த வயதுதான். பல வருடம் வகுப்பில் சொன்ன விஷயம்தான், இதைச் சொல்லும்போது குரல் தடிக்காமல் இருந்ததில்லை.

2024 ஜூன் 12

ஏன் இரண்டு வயதுக்குள் வேலை செய்யாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆன்டிபாடி செய்வது பி செல் என்ற வெள்ளை அணு. அதற்கு ‘சரி, செய்’ என்று உதவுவது டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணு. டி செல்லுக்குப் புரதத் துண்டைத்தான் காட்ட முடியும். வெறும் சர்க்கரைக்கு டி செல் உதவி கிடைக்காது, பி செல் தனியாகவே சமாளிக்க வேண்டும். அப்படிச் சமாளிக்கும் பி செல்கள் முதல் இரண்டு வருடத்தில் பக்குவப்பட்டிருக்காது. நினைவும் தங்காது.

ஏவரியும் கோபலும் 1931-லேயே வழி காட்டிவிட்டார்கள். சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதியியல் பிணைப்பால் கட்டி முயலுக்குப் போட்டார்கள். சர்க்கரையைப் பிடித்த பி செல் அதோடு கட்டியிருந்த புரதத்தையும் சேர்த்து விழுங்கி, அதன் துண்டை டி செல்லுக்குக் காட்டி, உதவியை வாங்கிவிட்டது. இது குழந்தைகளுக்கு ஊசியாக வர ஐம்பத்தாறு வருடம் ஆனது. 1987-ல் ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி வகை) கிருமிக்கு எதிராக, இப்படிச் சர்க்கரையைப் புரதத்தோடு கட்டிய முதல் இணைப்பு ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் அங்கே சிறு குழந்தைகளின் பாக்டீரிய மூளைக்காய்ச்சலுக்கு முதல் காரணமே அந்தக் கிருமிதான். ஊசி வந்த பிறகு அங்கே நோய் கிட்டத்தட்ட இல்லாமலே போனது.

நம் நாட்டில் அந்த ஹிப் சர்க்கரை ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசிக்குள் உட்கார்ந்து 2011 டிசம்பரில் வந்தது. எந்த மாநிலங்களில் முதலில் என்று பாருங்கள்: கேரளமும் தமிழ்நாடும். வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதத்தில். பெரியக்கா அப்போது பாலக்காடு மாவட்டத்தில் சுகாதார நர்ஸ். ஊசியை எதிர்த்துப் பேச்சு நிறைய இருந்த நாள்கள் அவை. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசியிருக்கிறாள்.

2024 ஜூன் 15

‘ஈஸ்ட் சுவரிலும் பீட்டா குளூக்கான் இருக்கிறதே, அப்படியானால் சித்தூர்க் கள்ளு?’ என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் தாலுகாவிலிருந்து பாதிக் கேரளத்துக்குக் கள்ளு வண்டி போகிறது, கேள்வி வராமல் இருக்குமா.

கள்ளைப் புளிக்க வைப்பது ஈஸ்ட்தான், அதன் சுவரில் குளூக்கானும் உண்டு. ஆனால் மேலே மன்னோஸ் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு அடுக்கு மூடியிருக்கும். மொட்டு விட்டுப் பிரிந்த தழும்பு போன்ற சில இடங்களில்தான் குளூக்கான் வெளியே தெரியும். பூஞ்சைகள் தங்களை நம் அணுக்களிடமிருந்து மறைத்துக்கொள்வதே இப்படித்தான். அதோடு சாராயச் சத்து நாள்பட உள்ளே போனால் எதிர்ப்பு மண்டலம் தளரும். நிமோனியாவுக்கு ஆளாகிறவர்கள் பட்டியலில் குடிக்கிறவர்கள் முன்வரிசை. ஆகவே ஷாப்புக்குப் போகிற காரணத்தில் இதைச் சேர்க்காதீர்கள், மாப்பிள்ளைகளே.

2024 ஜூன் 20

இப்படிச் சேர்மங்களை எப்படித்தான் செய்கிறார்கள் என்று கொழிஞ்சாம்பாறை மாணவி ஒருத்தி கேட்டாள். இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஆராய்ச்சி மாணவனாக நான் செய்த வேலை இரண்டு சர்க்கரையை ஒட்டுவது. சொல்ல ஒரு வரி. ஒரு சர்க்கரையில் நாலைந்து ஹைட்ராக்சில் கைகள். எந்தக் கையில் ஒட்ட வேண்டுமோ அதை மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லாக் கைகளுக்கும் காப்புத் தொகுதி மாட்ட வேண்டும். பிறகு, பிணைப்பு சோற்றில் உள்ளது போல ஆல்ஃபாவாக வர வேண்டுமா, குளூக்கானில் உள்ளது போல பீட்டாவாகவா என்பது அடுத்த சண்டை. காப்பிட்ட கொடைச் சர்க்கரை, ஏற்கும் சர்க்கரை, ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடைத் தூள், எல்லாவற்றையும் உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் போட்டு, உலர்பனி–அசிட்டோனில் மைனஸ் 78-க்கு இறக்கி, ஊக்கியைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒரு துளி நீர் இருந்தால் போதும், கொடைச் சர்க்கரை தன் துணையை விட்டு நீரோடு சேர்ந்துகொள்ளும். ஜூன் மாத மழையில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் வாரங்களில் நாங்கள் வினையைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கணக்கும் கட்டுரையும் எழுதுவோம்.

வினை முடிந்ததா என்று பார்க்க மெல்லிய சிலிக்காத் தகட்டை அமிலத்தில் நனைத்துச் சூட்டில் வைப்போம். சர்க்கரை இருக்கும் இடம் பழுப்பாகக் கருகும், வெல்லம் தீய்ந்த வாசனை வரும். எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, இன்றும் மாணவர்கள் முதலில் நம்புவது இந்தக் கருகலைத்தான்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, கிருமியை வளர்த்து அதன் போர்வையையே உரித்து எடுக்கலாமே என்பீர்கள். அப்படித்தான் பெரும்பாலான ஊசிகள் செய்யப்படுகின்றன. ஆனால் கியூபாக்காரர்கள் மறு வழியில் போனார்கள். ஹவானாவில் விசென்டே வெரெஸ் பென்கோமோவின் குழு, கனடாவின் ரெனே ராயோடு சேர்ந்து, ஹிப் சர்க்கரையைக் கண்ணாடிக் குடுவையிலேயே கட்டியது. கிருமியையே தொடாமல். ரைபோஸ், ரைபிட்டால், பாஸ்பேட் கொண்ட அலகு, அது சராசரியாக ஏழெட்டு முறை திரும்ப வரும் துண்டு. அதை டெட்டனஸ் டாக்ஸாய்டு (நச்சுத்தன்மை நீக்கிய டெட்டனஸ் நச்சு) என்ற புரதத்தோடு கட்டிக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். 2003-ல் கியூபாவில் அனுமதி, 2004-ல் ஆய்வுக் கட்டுரை. சோவியத் உடைந்து கியூபாவில் பெட்ரோலுக்கும் ரொட்டிக்குமே திண்டாட்டமாக இருந்த வருடங்களில் செய்த வேலை அது. நம் கல்லூரிகளில் கருவி இல்லை, காசு இல்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன், முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

2024 ஜூன் 21

அந்த மாணவிக்கு ஒரு கணக்கு. மூன்று வேறு அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் 6 விதம். மூன்று வேறு ஆறு-கரிமச் சர்க்கரைகளைக் கோத்தால் கட்டுப்பாடுகளைப் பொறுத்து 1,056 முதல் 27,648 விதம் வரை. இதில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் தொழில்.

2024 ஜூன் 28

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம்.

சித்தப்பா மகனுக்கு பைக் விபத்து. மண்ணீரல் கிழிந்துவிட்டது, கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை செய்து அதை எடுத்தார்கள். உயிர் பிழைத்தான், நன்றி உண்டு. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, மாத்திரை இருந்தது, பில் இருந்தது, தடுப்பூசி பற்றி ஒரு வரி இல்லை. சில வருடம் கழித்து ஒரு ராத்திரி காய்ச்சல், விடிவதற்குள் இரத்த அழுத்தம் விழுந்து ஐசியு. நிமோகாக்கஸ். பிழைத்தது அவன் மனைவியின் அவசரத்தால்தான், ‘காலையில் பார்க்கலாம்’ என்று எல்லோரும் சொன்னபோது அவள் கேட்கவில்லை.

சர்க்கரைப் போர்வை போட்ட கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். வெறும் சர்க்கரைக்கு ஆன்டிபாடி செய்யும் அந்த விசேஷ பி செல்கள் குடியிருப்பதும் அங்கேதான். மண்ணீரல் இல்லாதவனுக்கு நிமோகாக்கஸ், ஹிப், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் மூன்றும் வாழ்நாள் எதிரி. திட்டமிட்ட அறுவையானால் இரண்டு வாரம் முன்பே ஊசி, அவசரமானால் முடிந்து இரண்டு வாரம் கழித்து. நிமோகாக்கஸுக்கு முதலில் இணைப்பு ஊசி, குறைந்தது எட்டு வாரம் விட்டு 23 வகைச் சர்க்கரை ஊசி. காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் மண்ணீரல் எடுத்தவர் யாராவது இருந்தால் இந்தக் குறிப்பை அப்படியே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

2024 ஜூலை 2

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் பெரியக்கா போன் பண்ணினாள். ‘விபத்தில் போனவனைப் பற்றி எழுதினாய், பிறவியிலேயே மண்ணீரல் தேய்கிற பிள்ளைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை?’ என்றாள்.

அட்டப்பாடியில் அகளி, ஷோளயூர்ப் பக்கம் அவள் வேலை பார்த்திருக்கிறாள். இருளர் ஊர்களில் அரிவாள் செல் சோகை உண்டு. வளைந்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் சிறு குழாய்களை அடைத்து அடைத்து, குழந்தைப் பருவத்திலேயே அது செத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நிமோகாக்கஸ் வந்தால் சில மணி நேரம்தான் அவகாசம். 1986-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் இப்படிப்பட்ட சின்னக் குழந்தைகளுக்குத் தினம் இருவேளை பெனிசிலின் கொடுத்தபோது நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. அதன் மேல் இணைப்பு ஊசியும் சேர்ந்தால் பலன் இன்னும் பெரிது.

நாடு முழுக்க பிசிவி என்ற நிமோகாக்கஸ் இணைப்பு ஊசி 2021-ல் வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம். பிறகு 2023 ஜூலையில் அரிவாள் செல் சோகைக்கான தேசிய இயக்கமும் தொடங்கியது. இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். மலைமேல் ஊருக்கு ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிப்போன பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. என் அக்காவும் அதில் ஒருத்தி என்பதால் சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் ஏவரி செய்த சோதனை முயலோடு நின்றிருக்கும்.

2024 ஜூலை 7

‘புரதம் வெறும் பசைதானே?’ என்ற கேள்விக்கு.

ஜூன் 12-ல் நான் எழுதியது பாடப்புத்தகக் கணக்கு: புரதத் துண்டு டி செல்லுக்கு, சர்க்கரை பி செல்லுக்கு. 2011-ல் ஹார்வர்டில் அவ்சியும் காஸ்பரும் காட்டியது இன்னும் சுவாரசியம். பி செல் விழுங்கியதும் சர்க்கரைச் சங்கிலி முழுவதும் அழிவதில்லை. சின்ன சர்க்கரைத் துண்டு புரதத் துண்டோடு ஒட்டியபடியே மேலே வருகிறது, அந்தச் சர்க்கரையையே அடையாளம் காணும் டி செல்கள் இருக்கின்றன. இதை முதலில் படித்தபோது ஒரு வாரம் வேறு வேலை ஓடவில்லை. டி செல் சர்க்கரையைப் பார்க்காது என்று நாங்கள் எல்லோரும் மனப்பாடம் பண்ணியிருந்தோமே! இது எல்லா ஊசிக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதில் வாதம் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் கட்டுகிறோம், எத்தனை நீளத் துண்டைக் கட்டுகிறோம் என்பது முக்கியம் என்று ஆகிவிட்டதால், சேர்மம் செய்கிறவர்களுக்கு வேலை கூடிவிட்டது. நல்ல வேலை.

அதே காஸ்பர் குழுவின் இன்னொன்று. நம் குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற பாக்டீரியாவின் மேல் நேர்மின்னும் எதிர்மின்னும் சேர்ந்தே உள்ள ஒரு சர்க்கரை இருக்கிறது. எலிகளில் அது எதிர்ப்பைத் தூண்டுவதற்குப் பதில் அமைதிப்படுத்தியது, 2008-ல் பெருங்குடல் அழற்சியிலிருந்து காத்தது. மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை. ‘கூட்டுகிறது’ என்று விற்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், தணிக்கும் சர்க்கரையும் உண்டு என்று.

2024 ஜூலை 13

இரத்த வகையும் சர்க்கரைதானா? ஆமாம். சிவப்பணுவின் மேல் நிற்கும் சங்கிலியின் நுனியில் அசிட்டைல் கேலக்டோசமின் இருந்தால் ஏ, கேலக்டோஸ் இருந்தால் பி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. அந்த அடிச் சங்கிலியில் ஃப்யூக்கோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரையே இல்லாதவர்களும் உண்டு, அதுதான் பம்பாய் வகை, 1952-ல் பம்பாயில் கண்டறிந்தது. அவர்களுக்கு ஓ இரத்தம்கூட ஏற்றக் கூடாது, உடல் அடித்து நொறுக்கிவிடும். ஒரே ஒரு சர்க்கரை!

பலாப்பழ சீசன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பலாக் கொட்டையில் ஜாக்கலின் என்று ஒரு புரதம் இருக்கிறது, சில சர்க்கரைகளைத் தேடிப் பிடிக்கும். அதன் வடிவத்தை 1996-ல் பெங்களூர் ஐஐஎஸ்சியில் விஜயனும் சுரோலியாவும் அவர்கள் சகாக்களும் தீர்த்தார்கள். ஆய்வகத்தில் இரத்தத்திலிருந்து ஐஜிஏ-1 ஆன்டிபாடியைப் பிரிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆன்டிபாடியின் சர்க்கரையில் கேலக்டோஸ் குறைந்துபோவதுதான் ஐஜிஏ சிறுநீரக நோயின் தொடக்கம். கொட்டைக் குழம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, குழம்பை அதன் ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

அப்புறம் பீஃப். பசு, ஆடு, பன்றி எல்லாவற்றிலும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை இருக்கிறது, மனிதனிடம் இல்லை. நம் இரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி எப்போதும் உண்டு. சில வகை உண்ணிகள் கடித்தவர்களுக்கு அது வேறு வகையான ஒவ்வாமையாக மாறி, இறைச்சி தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிக்கும். பன்றி உறுப்பை மனிதனுக்கு வைப்பதில் முதல் தடையும் இதே சர்க்கரைதான். 2022 ஜனவரியில் மேரிலாந்தில் வைத்த பன்றி இதயத்தில் அதைச் செய்யும் மரபணுவை நீக்கியிருந்தார்கள்.

2024 ஜூலை 14

ஆந்திராவின் நகரியிலிருந்து ஒருவர் டைபாய்டு பற்றிக் கேட்டிருக்கிறார். பழைய டைபாய்டு ஊசி வெறும் சர்க்கரை, இரண்டு வயதுக்கு மேல்தான். ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் அதே சர்க்கரையை டெட்டனஸ் டாக்ஸாய்டு புரதத்தோடு கட்டியது, ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். நேபாளத்தில் இருபதாயிரம் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில் 81.6 சதவீதம் பாதுகாப்பு. உங்கள் மாநிலத்தில் பிறந்தது, பெருமைப்படலாம் என்றுதான் எழுதினேன், ஹைதராபாத் தெலங்கானா ஆகிவிட்டதை அவரே உடனே ஞாபகப்படுத்தினார். சரி, பக்கத்து வீடு.

2024 ஜூலை 21

புற்றுநோய்க்குப் போவோம், நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

நம் செல்களின் சங்கிலி நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை நிற்கிறது. வெள்ளை அணுக்களின் மேல் உள்ள சிக்லெக் ஏற்பிகள் அதைத் தொட்டதும் ‘நம்ம ஆள், விடு’ என்று அடங்கும். இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் அஜித் வர்கி, வேலூர் சிஎம்சியில் படித்தவர், இப்போது கலிஃபோர்னியாவில். புற்றுநோய்ச் செல்கள் பல இந்தச் சர்க்கரையை அளவுக்கு மேல் சுமந்து ஏமாற்றுகின்றன. 2022-ல் நோபல் வாங்கிய கரோலின் பெர்டோசியின் யோசனை எளிமையானது: சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியை, புற்றுச்செல்லைத் தேடிப் போகும் ஆன்டிபாடியோடு கட்டி அனுப்பு, அங்கே மட்டும் முகமூடியைக் கழற்று.

இதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது இன்னொரு வழி. மருந்தாகப் பயன்படும் ஆன்டிபாடியின் வாலில் ஒரு சர்க்கரை மரம் உண்டு. அதிலிருந்து ஃப்யூக்கோஸை மட்டும் எடுத்துவிட்டால், கொல்லும் அணுக்கள் அதைப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கின்றன. 2012-ல் ஜப்பானில் மோகமுலிசுமாப், 2013-ல் அமெரிக்காவில் ஒபினுடுசுமாப். ஒரு சர்க்கரை குறைந்ததே மருந்தின் பலம்.

2024 ஜூலை 28

கசப்பான பகுதி. 2007 கடைசியிலும் 2008-லும் ஹெபாரின் ஊசி போட்டவர்களில் சிலர் அமெரிக்காவில் மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் விழுந்து செத்தார்கள். ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் கூட்டுச்சர்க்கரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் அளவுக்கு மேல் சல்ஃபேட் ஏற்றிய கான்ட்ராய்டின் என்ற வேறு கூட்டுச்சர்க்கரை கலந்திருந்தது, சாதாரணச் சோதனைகளில் அது ஹெபாரின் மாதிரியே தெரிந்தது. அது எதிர்ப்பு மண்டலத்தின் காம்ப்ளிமென்ட் தொடர் என்ற இரத்தப் புரதங்களையும் தட்டி எழுப்பிவிட்டது. சல்ஃபேட் கூடிப்போனதற்கு விலை மனித உயிர்.

சீந்தில் பொடி எதிர்ப்பைக் கூட்டுமே என்று கேட்கும், அதை விற்கும் நண்பருக்கும் காளான் டப்பாவுக்குச் சொன்ன பதில்தான். சீந்தில் தண்டில் உள்ள அரபினோகேலக்டான் சர்க்கரை ஆய்வகத்தில் வெள்ளை அணுக்களைத் தூண்டுகிறது, நம் நாட்டு ஆய்வே அது. ஆனால் கோவிட் காலத்தில் மாதக்கணக்கில் காய்ச்சிக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள், சுயதாக்குதல் கல்லீரல் அழற்சி போன்ற தோற்றம். வேறு கொடியைத் தவறாகப் பறித்திருப்பார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சரி என்றாலும் விற்கிறவர் செய்ய வேண்டியது ஒன்றே: எந்தக் கொடி, எவ்வளவு, யார் சாப்பிடக் கூடாது என்று எழுதி விற்கட்டும். தைராய்டு, மூட்டுவாதம், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் பலருக்கு எதிர்ப்பு ஏற்கெனவே அளவுக்கு மேல் தூண்டப்பட்டிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 4

பாட்டிக்கு அக்கி வந்த பேத்தி கேட்டது. அதற்கான ஷிங்ரிக்ஸ் ஊசியில் க்யூஎஸ்-21 என்று ஒரு துணைப்பொருள் இருக்கிறது. சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சப்போனின், நம் பூந்திக்கொட்டை நுரைக்குக் காரணமான அதே குடும்பம். எண்ணெய் போன்ற நடுப்பகுதியின் இரு பக்கமும் சர்க்கரைச் சங்கிலி. ஊசியின் நினைவை அது பலமாக்குகிறது. மரத்தை வெட்டாமல் ஈஸ்டுக்குள்ளேயே அதைச் செய்து காட்டிய ஆய்வு 2024-ல் வந்தது. மலைப்பாக இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 11

மீனாட்சிபுரம் தம்பி எழுதியிருக்கிறார்: அப்பா டப்பாவை முடித்துவிட்டார், இன்னொன்று வாங்கவில்லை, டாக்டரிடம் நிமோனியா ஊசி பற்றிக் கேட்டார்கள், போடலாம் என்றார். பெரியவர்களுக்கு அது இலவசத் திட்டத்தில் இல்லை, கைக்காசு போகும். சுகர், ஆஸ்துமா, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் எல்லோரும் கேட்டுப் பார்க்க வேண்டிய ஊசி.

எல்லையில் இருக்கும் இளம் தாய்மார்களுக்குக் கடைசியாக. பிரசவம் பொள்ளாச்சியில், புருஷன் வீடு சித்தூரில் என்று இங்கே பாதிப்பேர். இங்கே வந்ததும் ‘கார்டு அந்த ஊரில் இருக்கிறது’ என்று பதினாலாவது வாரத்து ஊசி தவறிப்போவதைத்தான் அக்கா அதிகம் பார்த்திருக்கிறாள். பென்டாவேலன்ட்டும் பிசிவியும் இரண்டு மாநிலத்திலும் ஒரே அட்டவணை. தமிழ் கார்டாக இருந்தாலும் மலையாள கார்டாக இருந்தாலும் காட்டினால் போடுவார்கள். தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். கார்டைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாதத் தவணைக்கு எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று இப்போதே சுகாதார நர்ஸிடம் சொல்லி வையுங்கள்.